ஊக்கில் எண்ணியவள்

எழுந்து நிற்கும் பெண்ணின் முகத்தை அவள் பார்த்து நான் கண்டதில்லை. கழுத்தைத்தான் பார்ப்பாள். பேருந்து இருக்கையிலிருந்தோ கல்யாணப் பந்தியிலிருந்தோ ஒரு பெண் எழுந்ததும், அந்தக் கழுத்து ஒரு கணம் பின்னால் திரும்பி, உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கிறதா என்று கவனிப்பாள். பார்த்துவிட்டால், தன் இடது கை வளையலில் கொத்தாகத் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி வலது கை வளையலில் மாட்டிக்கொள்வாள். மாலையில் வலது கை ஊக்குகளை என் மேசையில் வரிசையாக வைப்பாள்.

"எண்ணி எழுதிக்க, நோட்டு."

என்னை அவள் நோட்டு என்றுதான் கூப்பிடுவாள். நான் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவதால் வைத்த பெயர். தவறாக எழுதிய எண்ணை ரப்பரால் அழிக்கமாட்டேன். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, சரியான எண்ணை எழுதுவேன். இன்றும் அப்படித்தான். அந்தக் குறிப்பேடுகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் 'திரும்பல்' என்று தலைப்பிட்ட ஒரு கட்டம் உண்டு. அது அவளுக்காகப் போட்டது.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. சோதனைக்கு வந்த பெண்களில் ஒருவர் பெயரைக்கூட எழுத அவள் என்னை விட்டதில்லை. 'பச்சைச் சேலை', 'சாவிக்கொத்து', 'தெத்துப்பல்' என்றுதான் குறிக்க வேண்டும். அந்த மரியாதையை நான் அவளுக்கும் செய்கிறேன்.

கோச்சடையைத் தாண்டி, தென்னந்தோப்புக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஆலை அது. பெண்களுக்கான நாப்கின் செய்தோம். நான் வேதியியல் படித்துவிட்டு அங்கே பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டேன். கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முக்காலி, மேல்பாதி கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கதவு. உள்ளே நின்று பார்த்தால் அந்தக் கண்ணாடியில் அறை முழுதும் பிரதிபலிக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது பேக்கிங் பெண்கள் அதில் பார்த்துத்தான் தலை சீவுவார்கள். நான் மேசையிலிருந்தே, "சீப்பைக் கீழ போட்டுராதீங்க, தூசி படும்" என்று கத்துவேன்.

முதலாளி செல்லூரில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். அவருடைய அப்பா ஒருமுறை ஆலைக்கு வந்தார். நாப்கினுக்கான துணி ரோலில் இருந்து ஒரு முனையை இழுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இதுக்குப் பேரு துணியாடா?"

"நெய்யாத துணிப்பா. உருக்கி, இழையாக்கி, ஒட்ட வைக்கிறது."

"நெய்யாட்டி அது காயிதம்டா" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

அதுவரை நாப்கினின் மேல்துணியை, அதாவது தோலைத் தொடும் பகுதியை, வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். உள்ளே மரக்கூழும், ஈரத்தை இழுத்து ஜெல்லாகும் பொடியும் இருக்கும். அடியில் கசியாத தாள். சொந்தமாக மேல்துணி செய்ய வேண்டும் என்பது முதலாளிக்கு வெறியாகவே ஆகியிருந்தது. அப்பாவின் அந்தக் காகிதப் பேச்சும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவள் அங்கே பேக்கிங்கில் சேர்ந்தவள். வயதில் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், கட்டிக்கொடுத்தது காளவாசலில். அதற்கு முன்பு நகருக்குள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறாள். சோதனைப் பிரிவுக்கு அவளை இழுத்து வந்தது என்னுடைய ஒரு தோல்வி.

நாப்கினைப் பயன்படுத்திய பெண்களிடம் கருத்துக் கேட்க, பத்துக் கேள்விகளோடு ஒரு படிவம் அச்சடித்தேன். நன்று, சுமார், மோசம் என மூன்று கட்டங்கள். திரும்பி வந்த அத்தனை படிவங்களிலும் 'நன்று'. பாக்கெட்டைப் பிரிக்கவே பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த ஒருத்தியின் படிவத்திலும் பத்துக்குப் பத்து 'நன்று'. அவற்றை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அட்டைப்பெட்டி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா குடுத்த பொருளை எவத்தா நல்லா இல்லம்பா? வாயைக் கேட்டா நல்லாருக்கும்னுதான் சொல்லும். கழுத்தைக் கேளு."

"கழுத்தா?"

"ஒக்காந்து எந்திரிக்கச் சொல்லு. பயமிருந்தா கழுத்து திரும்பும். பயமில்லாட்டி திரும்பாது. அம்புட்டுதான்."

நான் சிரித்தேன். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, என்னை அறியாமல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அது இரண்டாம் நாள். எதிரே, தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள், கையிலிருந்த சோற்றுருண்டையை வாயில் போடாமல் என்னையே பார்த்தாள்.

மறுவாரமே முதலாளியிடம் சொல்லி அவளை என் பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன்.

பழைய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவுதான் அவளுடைய சோதனைக்கூடம். அங்கே மெத்தை போட்டு, மேலே வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். விற்கும் பெண்கள் அதில் மண்டியிட்டும் உட்கார்ந்தும் சேலை விரிப்பார்கள். நாள் முழுக்க எழுந்து அலமாரிக்குப் போய்த் திரும்பி வந்து உட்கார்வார்கள். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து எழும் பெண்ணைவிடக் கடுமையான சோதனை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. பழைய சிநேகிதிகள் பதினொரு பேருக்கு அவள் பாக்கெட் கொடுப்பாள். வெளியில் வாங்கிய துணி போட்ட பாக்கெட்டுக்குச் சிவப்பு நூல், புதிதாகச் செய்து பார்ப்பதற்கு நீல நூல். எது எது என்று அவர்களுக்குச் சொல்லமாட்டாள். பிறகு, ஒவ்வொருத்திக்கும் நாள் வரும்போது, யாராவது சேலை எடுக்க வந்தவர்களுக்குத் துணையாக வந்ததுபோல ஓரமாக நின்றுகொண்டு எண்ணுவாள்.

எண்ணும் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. ஒரு ஆயுத பூஜையன்று முதலாளியின் மனைவி சந்தன நிறப் பட்டுடுத்தி வந்து, மெஷின் முன்னால் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். பொரி கொடுக்க, தீபாராதனைக்கு, மறுபடி பொரி கொடுக்க என்று மூன்று முறை எழுந்தார். மூன்று ஊக்கு; விலக்கு நாளை மறைத்துக்கொண்டுதான் பூஜைக்கு வந்திருக்கிறார். பூஜை முடிந்ததும் இவள் நேராக முதலாளியிடம் போனாள்.

"அண்ணே, வீட்டுல அக்கா நம்ம பேடுதான் வைக்கிறாகளா?"

முதலாளிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "இங்கிட்டு வந்து கேக்குற கேள்வியா இது?"

"அக்காவுக்கு நம்ம நீளம் பத்தலண்ணே. பின்னாடி ரெண்டு விரக்கட கூட்டணும்."

ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. அதன் பிறகு, நீளமான ஒரு அளவுக்கு அச்சு செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் மனைவி என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு இருக்கிற எடத்துல ஒக்காரவே பயமா இருக்குங்க. ஆனா அந்தப் பெரிய சைஸ்ல ரெண்டு பாக்கெட் வீட்டுக்கு அனுப்பிருங்க."

முதலாளியின் சொந்தத் துணி கடைசியில் வந்தது. பாலிப்ரொப்பிலீன் குருணையை உருக்கி, இழையாக இழுத்து, சூடான உருளையில் அழுத்தி எடுத்த துணி. அந்தப் பிளாஸ்டிக் இயல்பில் தண்ணீரை ஏற்காது. அதனால் மேலே ஒரு மருந்து தெளித்துக் காயவைத்தால்தான் ஈரத்தை உள்ளே விடும். நான் சோதித்தேன். துண்டு வெட்டி, கீழே உறிஞ்சும் தாள் வைத்து, சாயம் கலந்த உப்புத் தண்ணீரை அளந்து ஊற்றி, மறையும் நேரத்தைக் குறித்தேன். மூன்று வினாடி. புதுத் துண்டு, மறுபடி மூன்று வினாடி. இருபது துண்டுகள் வெட்டினேன், இருபதிலும் மூன்றுதான். வெளித் துணியைவிட நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு நூற்பாலையின் விடுதிக்கு மொத்தமாக நாப்கின் கொடுக்க ஆர்டர் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சரக்கு ஏற வேண்டும். சோதனைத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்தும் வேண்டும். அவள் போடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"என்ன, இன்னும் போடலயா?"

"போடலண்ணே."

"மூணு செகண்டுன்னு தாள் சொல்லுது. படிச்சவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீ ஊக்கைக் காட்டிக்கிட்டு நிக்கிற."

"நீல நூலுக்கு இருவத்தொண்ணுண்ணே. செவப்புக்கு ஒம்பதுதான். அதே ஆளுக, அதே கடை, அதே விரிப்பு."

"புழுக்கமா இருந்திருக்கும். கழுத்து வலியா இருந்திருக்கும்."

"பதினோரு பேருக்கும் ஒண்ணா கழுத்து வலியா?"

முதலாளி மேசையைத் தட்டினார். "இது என் சொந்தத் துணிம்மா. எத்தனை வருசம் காத்துக் கெடந்தேன் தெரியுமா?"

"தெரியும்ணே. ஆனா விடுதிப் புள்ளைக எட்டு மணி நேரம் மெஷினு முன்னாடி நிக்கிறதுக. திரும்பிப் பாக்கக்கூட அதுகளுக்கு நேரமில்ல. மேஸ்திரியெல்லாம் ஆம்பளைக. நான் போடமாட்டேன். வேணும்னா என்னைத் திரும்பப் பேக்கிங்குக்கே அனுப்பிருங்க."

"திங்கக்கெழமை காலையில கையெழுத்து இருக்கணும். நீ போடாட்டி அந்த எடத்துலயும் இவங்க போடுவாங்க" என்று என்னைக் காட்டினார். "நீ பேக்கிங்குக்குப் போ." உண்மையைச் சொன்னால், எனக்கும் அவள்மேல் கோபம்தான். இருபது துண்டுகளில் நான் எடுத்த எண்ணை ஒரு கொத்து ஊக்கு பொய்யாக்குவதா?

மறுநாள் காலை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நோட்டு, எனக்கு ஊத்திக் காட்டு."

ஊற்றினேன். மூன்று வினாடி. கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"சரித்தா. அதே எடத்துல இன்னொரு வாட்டி ஊத்து."

"விதிப்படி ஒரு துண்டுக்கு ஒரு தடவைதான். அடுத்ததுக்குப் புதுத் துண்டு எடுக்கணும்."

"யாருக்குத்தா ஒரு தடவையில முடியுது? ஒனக்கு முடியுதா?"

அளவுக் குழாயை நிரப்பி அதே இடத்தில் ஊற்றினேன். பதினான்கு வினாடி. மூன்றாவது முறை ஊற்றியபோது, சேம்பு இலைமேல் நிற்பதுபோலத் தண்ணீர் உருண்டு நின்றது, உள்ளே போகவில்லை. நான் மேசையைச் சற்று அசைத்தேன். அது ஓரமாக உருண்டு போய் விளிம்பில் வழிந்தது.

தெளித்த மருந்து முதல் ஈரத்திலேயே கழுவிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு எடுப்பதுதான் என் ஒழுங்கு. என் பிழையும் அதில்தான் இருந்தது. விதியை எழுதியவரை விடுங்கள். நான் மாதா மாதம் நாப்கின் வைத்தவள். இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு முறை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துவிட்டு, "அந்த மூணை அடிச்சிராத. அதுவும் நெசந்தான்" என்றாள். நான் மூன்றை அடிக்காமல், கீழே பதினான்கு என்றும், அதற்கும் கீழே 'போகவில்லை' என்றும் எழுதி, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவள் என் பின்னால் வந்தாள்.

முதலாளி நம்பவில்லை. கூடத்துக்கு வந்து தன் கையாலேயே மூன்று முறை ஊற்றினார். உருண்டு நின்ற தண்ணீரை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அப்பா சொன்னது சரிதான் போல. காயிதம்."

"காயிதமா இருந்தா குடிச்சிருக்கும்ணே" என்றாள் அவள். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை, கையிருப்பில் இருந்த வெளித் துணியில் செய்த பாதிச் சரக்குதான் ஏறியது. மீதிப் பாதி ஆர்டர் வேறொருவருக்குப் போனது. அவளைப் பேக்கிங்குக்கு அனுப்புவது பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

மருந்தை மேலே தெளிக்காமல், குருணையோடு சேர்த்தே உருக்கி, இழைக்குள்ளேயே இருக்கும்படி செய்ய எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அளவு கூடினால் இழை அறுந்தது. குறைந்தால் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து முறை ஊற்றினேன். ஒருநாள் ஐந்தாம் முறையும் மூன்றரை வினாடியில் மறைந்தது. நீல நூல் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அவள் ஒவ்வொருத்தி நாளுக்கும் கடையில் போய் நின்று, கணக்கை மொத்தமாக வைத்துக்கொண்டு, கடைசி நாள் மாலை ஐந்தரை மணிக்குத் திரும்பினாள். வலது கையில் ஒரே ஒரு ஊக்கு. மேசையில் வைத்தாள்.

"ஒண்ணா? பதினோரு பேருக்கும் சேர்த்தா?"

"அவளுக கணக்கு சைபர். எப்பவும் திரும்புற சாவிக்கொத்துகூடத் திரும்பல."

"அப்ப இது யாரு?"

"அது நான்தான். கால் வலிச்சிச்சுன்னு கொஞ்ச நேரம் மெத்தையில ஒக்காந்தேன். எந்திரிக்கையில கழுத்து திரும்பிருச்சு. கணக்குன்னா கணக்குதானே?"

அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏதோ சிக்கலில் எடுத்துவிட்டார்கள். அது எனக்குத் தெரியும். நான் அதை நினைப்பதை அவளும் கவனித்திருக்க வேண்டும்.

"என்னத்தைப் பாக்குற? எடுத்தது வயித்துலதானே. கழுத்துக்கு யாரும் சொல்லல போல" என்று சிரித்தாள்.

அன்றுதான் அந்த விரிப்பின் கதையைச் சொன்னாள். கடையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு முகூர்த்த மாதத்தில், கூட்டம் நெரிந்த ஒருநாள், அவள் எழுந்த இடத்தில் வெள்ளை விரிப்பில் கறை இருந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டார் மொத்தமும் எதிரே. யாரும் திட்டவில்லையாம். மேற்பார்வையாளர் விரிப்பை உருவி அவள் கையில் கொடுத்து, அலசி மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னார். மாடி, ஆண் ஊழியர்கள் டீ குடிக்கிற இடம். "விரிப்பு காயுற வரைக்கும் அங்கனயே நிக்கச் சொல்லிட்டாக. காத்துல பறந்துருமாம்." அவ்வளவுதான் சொன்னாள். ஆலையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாடுகூட நின்றுகொண்டேதான்.

"இத்தனை பேரு கழுத்தையும் நேராக்கிட்ட. ஒன் கழுத்தை ஆக்க முடியலயா?" என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்றது போலும். "நாளையிலருந்து எண்ணு. ஒரு மாசத்துல சைபர் காட்டுறேன்."

அன்று தொடங்கியது. தினமும் நான்கு மணி டீக்கு வந்து என் முக்காலியில் உட்காருவாள். கதை பேசுவாள். எழுவாள். கழுத்து திரும்பும். நான் 'ஒன்று' என்று எழுதுவேன். ஒருநாள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்; கழுத்து உடம்போடு சேர்ந்து திரும்பியது. ஒருநாள் எழுந்ததும் ஓடினாள். கதவருகே போய் நின்று திரும்பினாள். ஒருநாள், "ஒன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு எந்திரிக்கிறேன், நீ கண்ணை எடுக்காத" என்றாள். இருவரும் முறைத்துக்கொண்டே எழுந்து, சிரித்துச் சிரித்து, டீ குறிப்பேட்டில் கொட்டியது. அந்தக் கறை அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கும் ஒன்றுதான். மாதம் ஒன்று பலவாகி, ஆண்டு ஒன்றரை ஆயிற்று. கட்டம் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று.

பிறகு அவள் கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பினார்கள். கடைசி நாளும் நான்கு மணிக்கு வந்தாள். ஊக்குக் கொத்தை என் மேசையில் வைத்தாள். "வச்சுக்க. அங்கிட்டுப் போயி யாரை எண்ணப்போறேன்." முக்காலியில் உட்கார்ந்து டீயை நிதானமாகக் குடித்தாள். அன்று கதை ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வாரேன், நோட்டு."

எழுந்தாள். கழுத்து அசையவில்லை. நேராகக் கதவு வரை நடந்து, கைப்பிடியில் கை வைத்து, எனக்கு முதுகு காட்டி நின்றாள். நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"பாத்தியா? திரும்பல. எழுது."

கதவின் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பக்கத்தில், பின்னால் இருந்த வெறும் முக்காலியும் தெளிவாகத் தெரிந்தது. அவள் கண்கள் அதன்மேல்தான் இருந்தன. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள்.

சைபர் என்று எழுதினேன். தெரிந்தே நான் தவறாக எழுதிய எண் அது ஒன்றுதான். இன்று வரை அதன்மேல் கோடு போடவில்லை.